கடைசி வீட்டுப் பொட்டு

எளிதான நடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எளிதான பண்பாட்டு நடை, இமயமலை அடிவாரத்துக் கிராமங்களின் ஊடாக, எந்த வயதினரும் வரலாம், மூட்டுவலிக்காரர்களும் வரலாம். மூளை இல்லாதவர்களும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எங்கள் கூட்டத்துக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஈரோட்டில் பூங்காவைச் சுற்றிச்சுற்றி நடந்து சலித்துப்போனவர்கள் குமாவுன் மலையில் வந்து நடக்கிறோம். அங்கே நடை முடிந்ததும் அருகம்புல் சாறு, இங்கே நடை முடிந்ததும் காட்டில் பூக்கிற ஏதோ சிவப்புப் பூவின் சாறு. எவர்சில்வர் டம்ளரில் தருகிறார்கள், இருமல் மருந்து மாதிரி இருக்கிறது, எல்லோரும் ஆகா என்கிறார்கள். நானும் ஆகா என்றேன். மனதுக்குள் காறித் துப்பிவிட்டு வாயால் ஆகா என்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு, கல்லூரியில் எத்தனை முதல்வர்களுக்கு வரவேற்புரை வாசித்திருக்கிறேன். எனக்கு முன்னால் தமயந்தி போகிறாள், என் தங்கை. நேற்று வாங்கிய கம்பை ஊன்றாமல் தோளில் சாய்த்துக்கொண்டு, உழவுக்குப் போகிறவள் மாதிரி போகிறாள். புருஷன் இருந்தவரை பஸ் நிலையத்தைத் தாண்டித் தனியாகப் போகாதவள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு வாங்குகிறது. அது இந்த ஏற்றத்தினாலா, அவளுக்கு நான் இன்றைக்குள் சொல்ல வேண்டிய பதிலினாலா, தெரியவில்லை. நடை தொடங்கிய அன்று சாயங்காலம் கோதுமை வயலின் வரப்பில் நின்றுகொண்டு சொன்னாள், ஷூவிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியபடியே சொன்னாள்: "நானும் சுடலைமணியும் கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கறமுங்ணா. பதிவு ஆபீசுல வெச்சுத்தான். நீங்க வந்து எம்பக்கம் நிக்கோணும். நிக்கறீங்களா இல்லையான்னு இந்த நடை முடியறதுக்குள்ள சொல்லிப்போடுங்க." ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறேனே என்றேன். "ஊருக்குப் போயிட்டா ஊருதான் பேசும், நீங்க பேசமாட்டீங்க." முள்ளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கு நடை முடிகிறது. இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், அதில் கடைசி வீடு, கடைசிச் சாப்பாடு, அப்புறம் இறக்கம், கீழே தார்ச்சாலை, வேன். தார்ச்சாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

சுடலைமணி கூட்டத்துக்கு முன்னால் போகிறார். எப்போதும் முன்னால்தான் போவார். இந்த ஊர்க்காரர்களின் கறுப்புக் குல்லாயை வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார், தலைக்குச் சிறியது, பானை மேல் கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தூத்துக்குடிக்காரர், இளவயதில் பம்பாயில் இருந்துவிட்டு அப்புறம் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்தவர், இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஈரோட்டில் வீடு. மனைவி இல்லை, இறந்து பல காலம். இந்த விவரமெல்லாம் நான் கேட்டு அவர் சொன்னதல்ல, கேட்காமலே சொன்னது. மலைப்பாதையில் ஒரு பஸ் கண்ணில் பட்டால் போதும், நின்றுவிடுவார். "அண்ணாச்சி, அந்தப் பின்பக்கத்தப் பாத்தியளா? கட்டுனவன் நம்ம கையில மாட்டுனான்னு வைங்க, அவ்வளவுதான்." எதிரே இமயமலை. இவர் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்க்கிறார். முதல் நாள் ஒரு வீட்டில் கறுப்பாக ரொட்டி வைத்தார்கள், மலைப்பிரதேசத்தின் பாரம்பரியத் தானியம் என்று வழிகாட்டிப் பெண் மஞ்சு பயபக்தியோடு அறிமுகம் செய்தாள். சுடலைமணி ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு "ஏ, இது நம்ம கேப்பைல்லா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். தமயந்தி வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று எழுதினால் பொய். பார்த்திருக்கிறேன், சின்ன வயதில். நடுவில் எங்கே போயிருந்தது என்று நான் தேடவில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த ஆளிடம் என்ன குறை? சத்தமாகப் பேசுகிறார். சாப்பிட்டதும் ஏப்பம் விடுகிறார், விட்டுவிட்டு முருகா என்கிறார். புத்தகம் படிப்பதில்லை. இதெல்லாம் குறையென்றால் செத்துப்போன என் மச்சான் தங்கவேலு எந்தப் புத்தகத்தைப் படித்தார்? தறிப்பட்டறைச் சத்தத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தம் இருந்ததா? அந்த ஆளை நானேதான் தமயந்திக்குப் பார்த்து, பேசி, முடித்துவைத்தேன். அப்போது ஏப்பம் ஒரு பொருட்டாக இல்லை. சாதி பார்க்கிறேனோ? இல்லை. நான் சாதி பார்ப்பதில்லை. பெயரைக் கேட்டவுடன் எந்தப் பக்கம், என்ன ஆள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, அதற்கப்புறம் பார்ப்பதில்லை.

பாதை ஒடுங்குகிறது. இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் கீழே வெகு ஆழத்தில் படிப்படியாகப் பச்சை வயல்கள், அதற்கும் கீழே ஒரு நூல் மாதிரி ஆறு. எளிதான நடை. விழுந்தால் எளிதாகத்தான் போய்ச் சேரலாம். மண்சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறேன், யாராவது பார்த்தால் தாவரங்களை ஆராய்வது போல ஒரு இலையைப் பிடித்துக்கொள்கிறேன். மஞ்சு திரும்பிப் பார்த்து, "ஆர் யூ ஓகே சார்?" என்கிறாள். ஓகே. நல்ல பெண். எல்லாவற்றையும் சொல்லித்தருகிறாள், வாசற்படியில் செம்மண் பூசி அரிசிமாவில் போட்ட கோலத்தைக் காட்டி இது எங்கள் கலை என்கிறாள், எங்கள் கூட்டத்துப் பெண்கள் கோலத்தைப் புகைப்படம் எடுக்கிறார்கள், ஊரில் வாசலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தவர்கள். ஆனால் அவள் காட்டாத வீடுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. செதுக்கிய மரக்கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு, கூரையின் கற்பலகைக்கு நடுவில் செடி முளைத்திருக்கிறது. அவற்றின் முன்னால் வரும்போது மட்டும் மஞ்சு வேகமாக நடப்பாள், அல்லது எதிர்ப்பக்கம் ஒரு பறவையைக் காட்டுவாள். பிழைக்கப் போனவர்களின் வீடு. பண்பாடு மிச்சம் இருப்பது இருக்கிறவர்களின் வீட்டில், அதுவும் முன்பதிவு செய்தால். இப்படி ஏளனமாக நினைக்கும்போது எனக்கு ஒரு சுகம் வருகிறது, பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் நெம்புகிற சுகம். நேற்று மத்தியானம் அந்தச் சுகத்தில்தான் இருந்தேன். நம் பங்குனி மாதத்தில் இவர்களுக்கு ஒரு வழக்கமாம். கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்க அண்ணன்காரன் மலையேறிப் போவானாம், புதுத்துணியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு. அவன் வருவானா வருவானா என்று அவள் வருஷம் பூராவும் வழிபார்த்திருப்பாளாம். மஞ்சு சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது, அவளுக்கும் அண்ணன் இருக்கிறானோ, டெல்லியில் ஓட்டலில் இருக்கிறானோ. நான் சுவரில் சாய்ந்துகொண்டு, எல்லா ஊரிலும் பெண்ணுக்குச் சொத்தைக் கொடுக்காமல் சேலையைக் கொடுத்து ஏமாற்றுகிற வழக்கத்துக்கு ஒரு அழகான பெயர் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், சொல்லலாமா, இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று. அப்போது சுடலைமணி திரும்பி, "அப்பம் அண்ணாச்சி, நீங்க தங்கச்சிக்கு என்ன துணி எடுத்துட்டு வந்திய?" என்றார். கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை.

துணி எடுத்துக்கொண்டுதான் போனேன். மச்சான் செத்த அன்று. பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், புருஷனைக் கொண்டுபோவதற்கு முன்னால் அண்ணன் கொண்டுவந்த புதுச்சேலையைத் தங்கை மேல் போர்த்த வேண்டும், அதோடு அவள் கணக்கு அந்த வீட்டில் மாறுகிறது. இதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டு, நேராகக் கடைக்குப் போனேன். வெள்ளை எடுக்கவில்லை. அதில் உறுதியாக இருந்தேன். கடைக்காரர் வெள்ளையைப் பிரித்துப் போட்டார், வேண்டாம் என்றேன். சந்தன நிறத்தில், மெல்லிய பச்சைக் கரை வைத்தது எடுத்தேன். ஆட்டோவில் வரும்போது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் புரட்சி செய்துவிட்டதாக நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். சந்தன நிறப் புரட்சி. போர்த்தினேன், அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். நேற்று எல்லோரும் சிரிக்கும்போது அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாளே, அதே பார்வை, அதில் நன்றி எங்கே இருந்தது? ஒரு கல் நழுவிக் கீழே போகிறது, என் காலடியிலிருந்துதான். கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அது நின்ற சத்தம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறேன். சரி, என்னதான் பயம்? எடுத்து வெளியே வை. மகள் யாழினிக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம், கோபிப் பக்கம், பையன் பெங்களூரில் வேலை, பையனின் பெரியப்பா எல்லாவற்றையும் விசாரிக்கிற ஆள். பெண்ணுக்கு அத்தை உண்டா, அத்தை என்ன செய்கிறார், ஓகோ, மறுகல்யாணமா, ஓகோ, யாரை. அந்த இரண்டாவது ஓகோதான் எனக்குக் கேட்கிறது, இத்தனை மலை தாண்டியும் கேட்கிறது. ஆனால் இதுகூட நிஜமில்லை. மகளைச் சாக்காக வைத்திருக்கிறேன். அவளிடம் சொன்னால், "அத்தைக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன், நீங்க ஓரமாப் போங்கப்பா" என்பாள். மாப்பிள்ளையின் பெரியப்பா எனக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், வெற்றிலை போட்டுக்கொண்டு. அவருக்கு நான் இத்தனை வருஷமும் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். பவானிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் நான் மறுமணத்தை ஆதரித்துப் பேசாத மேடை இல்லை. பேசிவிட்டு வாங்கிய பொன்னாடைகள் பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன, அந்துருண்டை வாசனையோடு. மற்றவர் வீட்டு விதவைகளுக்கெல்லாம் நான் தாராளமாகக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன்.

அதனால் சரி என்றுதான் சொல்லப்போகிறேன். இதைக் காலையிலேயே முடிவு செய்துவிட்டேன், பல் விளக்கும்போது, பனிக்கட்டி மாதிரித் தண்ணீர் ஈறில் பட்ட கணத்தில். எப்படிச் சொல்வது என்பதுதான் மீதி. உன் முடிவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபமாம், அவள் விண்ணப்பம் போட்ட மாதிரி. உன் வாழ்க்கை, உன் விருப்பம். இது கையைக் கழுவுகிற ஆள் சொல்வது. தாராளமா பண்ணிக்க. காரை எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி இருக்கிறது. சமூகம் என்ன சொன்னாலும் அண்ணன் இருக்கிறேன். இதற்கு அடுத்த வரி கைதட்டல். சீ. ஒரு வளைவுக்கு ஒரு வாக்கியத்தைச் செய்து, அடுத்த வளைவில் அதை மலையிலிருந்து தள்ளிவிட்டு, மறுபடியும் ஒன்று செய்கிறேன். தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்வதற்கு இவ்வளவு அலங்காரம் தேவைப்படுகிற மனுஷனைப் பார்த்தால் நானே இரண்டு அடி தள்ளி நடப்பேன். மேட்டின் உச்சியில் மஞ்சு நிறுத்தினாள், இங்கிருந்து பனிச்சிகரங்கள் தெரியும் என்றாள், மேகம்தான் தெரிந்தது. வந்த நாளாக மேகம்தான். எங்கள் ஆட்கள் மேகத்தைப் புகைப்படம் எடுத்தார்கள். சுடலைமணி குல்லாயைக் கழற்றி மேகத்துக்கு ஒரு கும்பிடு போட்டார், "இருக்கட்டும், அவுக உள்ளதான இருக்காவ." தமயந்தி அவர் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து நடக்கத் தொடங்கினாள். அவள் கழுத்தின் பின்புறம் வியர்வையில் நரைமுடி ஒட்டியிருந்தது. அப்போது வந்தது வாக்கியம், அலங்காரமில்லாமல், தானாகவே. நான் வர்றேன் அம்மிணி. அவ்வளவுதான். இதற்கா இத்தனை மலை. நான் வர்றேன் அம்மிணி, நான் வர்றேன், வர்றேன் அம்மிணி. இறக்கம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு போகிறேன், காலடிக்குக் காலடி, மூச்சு சீராகிறது, வலப்பக்கத்து ஆழம்கூட அவ்வளவு ஆழமாக இல்லை. சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு. இல்லை, தனியாக எதற்கு, அந்த ஆளையும் வைத்துக்கொண்டே.

கடைசி வீடு மற்ற வீடுகளைப் போலத்தான். நீலம் அடித்த சன்னல், முற்றத்தில் மிளகாய் காய்கிறது, வாசலில் எங்களுக்காகச் செருப்புப் பலகை, மூலையில் எங்களுக்காக வெளிநாட்டுக் கக்கூஸ். வீட்டுக்காரம்மாவை மஞ்சு போஜி என்று கூப்பிட்டாள், அண்ணி என்று அர்த்தமாம். நாற்பது வயது இருக்கும், மூக்கில் பெரிய தங்க வளையம், வகிட்டில் குங்குமம், சிரித்தால் ஈறு தெரிகிறது. கறுப்புப் பருப்புக் குழம்பும் சோறும் போட்டாள், நன்றாகவே இருந்தது, ஏளனம் செய்ய ஒன்றும் கிடைக்காமல் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். விடைபெறும்போது இவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. தட்டில் குழைத்த குங்குமமும் பச்சரிசியும் எடுத்துவந்து, விருந்தாளிகளை வரிசையாக நிறுத்தி, நெற்றியில் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்து, அதன்மேல் அரிசியை ஒட்டி அனுப்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது. நான் முதல் திருப்பம் வரை வைத்திருந்து கைக்குட்டையால் துடைத்துவிடுவேன். சுடலைமணி துடைக்க மாட்டார், அரிசி ஒவ்வொன்றாக மூக்கில் உதிர்ந்துகொண்டே வரும். தமயந்தி மட்டும் எந்த வீட்டிலும் அந்த நேரத்துக்கு வரிசையில் இருந்ததில்லை. ஒரு வீட்டில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், கட்டி முடியவே இல்லை. ஒரு வீட்டில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஒரு வீட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கவனித்தேன். விவரமான பெண், யாருக்கும் சங்கடம் வைக்காமல் ஒதுங்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் என்ன இருக்கிறது என்று அப்போது குனிந்து பார்க்கவில்லை.

இன்றைக்கு அவள் வரிசையில் நின்றாள். போஜி தட்டோடு வந்தபோது, எல்லோரும் வாசலில் நிற்கும்போது, ஷூ கயிறு கட்டி முடித்து, கம்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றாள், சுடலைமணிக்கு அடுத்ததாக. நான் அவளுக்கு அடுத்து. போஜி சுடலைமணியின் நெற்றியில் இழுத்தாள். அரிசி ஒட்டினாள். அடுத்தது தமயந்தி. போஜி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஈறு தெரியச் சிரித்தாள், ஏதோ சொன்னாள். மஞ்சு என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள், இந்த ஜோடி நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார்களாம். சுடலைமணிக்கு ஹிந்தி தெரியும், முதலிலேயே புரிந்திருக்கும், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. தமயந்தி கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள். கொஞ்சம்தான் நிமிர்த்தினாள். அந்தக் கட்டைவிரல் சிவப்போடு அவள் நெற்றியை நோக்கிப் போகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் மனதில் அப்போது ஒன்றும் இல்லை, ஒரு எண்ணம்கூட இல்லை, அதைச் சத்தியம் செய்து சொல்ல முடியும், ஆனால் யாருக்குச் சொல்வது, எண்ணம் இல்லாமலே வந்தது என்றால் அது இன்னும் மோசமல்லவா. என் கை போனது. போஜியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. "வேண்டாம், வேண்டாம், அவ விதவை" என்று சொன்னது என் குரல், மேடையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். தமிழில்தான் சொன்னேன். வந்த நாளிலிருந்து தண்ணீர் வேண்டும், உப்பு குறைவு, கக்கூஸ் எங்கே என்று எதைச் சொன்னாலும் மஞ்சு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. விதவை, இங்கே விதவா, இந்த ஒரு வார்த்தைக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. போஜி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் முகம் சுருங்கியது, என்மேல் கோபத்தால் அல்ல, தப்புச் செய்யப்போனோமே என்று. இரண்டு காதையும் தொட்டுக்கொண்டாள், விரலிலிருந்த குங்குமத்தை முந்தானையில் துடைத்தாள், தமயந்தியிடம் தலையைத் தாழ்த்தி ஏதோ முணுமுணுத்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் எத்தனை ஆறு, எத்தனை மொழி, ஒரே ஒரு நொடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆட்களாகிவிட்டோம். அவளுக்கு என்னைப் புரிந்தது. அந்த வாசலில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான்.

தமயந்தி கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை. போஜியின் கையைப் பிடித்து, பரவாயில்லை என்பது போல ஒரு தட்டுத் தட்டினாள். போஜி தட்டோடு என் பக்கம் நகர்ந்தாள், அடுத்தது நான்தானே, நான் நெற்றியைக் காட்டினேன், என்ன செய்வது, காட்டினேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. சுடலைமணி பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தன் நெற்றியில் இருந்ததை அழுத்தித் துடைத்தார். அரிசி முற்றத்தில் விழுந்தது, ஒரு கோழி வந்து கொத்தியது. குல்லாயை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் சத்தம் போட வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஒரு அசிங்கமான வார்த்தை, ஒரு தள்ளு, ஏதாவது. பதிலுக்கு நான் அவருடைய ஏப்பத்தையும் குல்லாயையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் தரவில்லை அந்த ஆள். பாதை வயல்களின் நடுவே இறங்குகிறது, கற்களை அடுக்கிய படி, நடுநடுவே ஆடுகிற கல். எல்லோரும் பேசாமல் இறங்குகிறார்கள், பேசாமல் இருப்பது என்னைப் பற்றித்தான். தமயந்தி முன்னால். நான் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு மூடத்தனம் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, வாக்கியம் தயாராகத்தானே இருக்கிறது, தார்ச்சாலைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. எட்டி நடந்து அவள் பக்கத்தில் போனேன்.

"அம்மிணி, நான் வர்றேன்னு சொல்லத்தான் இருந்தேன்."

"தெரியுமுங்ணா."

"தெரியுமா?"

"மேட்டுல இருந்து வாய்விட்டுச் சொல்லிட்டே வந்தீங்களே. வர்றேன் அம்மிணி, வர்றேன் அம்மிணின்னு. முன்னால போற எனக்குக் கேக்காதுங்களா? அவருக்குங்கூடக் கேட்டுச்சு. உங்கண்ணன் நல்ல மனுசன்னாரு." அவள் குரலில் கண்ணீர் ஒன்றும் இல்லை. கால் வைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதனாலதான் இன்னைக்கு வரிசையில போயி நின்னேன்."

ஒவ்வொரு வளைவிலும் நான் செய்து, நான் தள்ளிவிட்ட வாக்கியங்கள் எல்லாம் அவள் முதுகில் விழுந்துகொண்டே வந்திருக்கின்றன, ஆட்சேபம், தாராளம், சமூகம் எல்லாம், அவள் பொறுக்கி எடுத்து, ஆகாததை விட்டுவிட்டு, கடைசியில் ஒன்றை நம்பியிருக்கிறாள். நம்பி முகத்தை நிமிர்த்தியிருக்கிறாள். "இப்பவும் வர்றேன்" என்றேன். சின்னக் குரலில் வந்தது, என் குரல் மாதிரியே இல்லை. அவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், அதில் சிவப்பும் அரிசியும் அப்படியே இருந்தன, நான் துடைக்க மறந்திருந்தேன்.

"வாங்க. உங்கள வரவேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன், எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தருதான்." கொஞ்சம் யோசித்தாள். "வந்தா கையப் பின்னால கட்டிட்டு நில்லுங்க. அவ்வளவு பண்ணுனாப் போதும்."

சொல்லிவிட்டு மடமடவென்று இறங்கிப் போய்விட்டாள், கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு. நான் பின்னாலேயே இறங்கினேன். கீழே வேன் தெரிந்தது. பாதை தார்ச்சாலையில் சேருகிற இடத்தில் மண் சரிந்து ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்குப் பள்ளம், சுடலைமணி அதன் அடியில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்காகக் கை கொடுத்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். தமயந்தி அவர் கையைப் பிடிக்காமல் தானே குதித்தாள், குதித்துவிட்டு அப்புறம் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் இறங்கினார்கள். மஞ்சு இறங்கினாள். என் முறை வந்தது. பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது, என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, எப்போது போயின என்று தெரியவில்லை, அவ்வளவு தூரம் அப்படியேதான் இறங்கி வந்திருக்கிறேன். சுடலைமணி கையை நீட்டினார். "கல்லு ஆடும். கையக் குடுங்க அண்ணாச்சி." கேலி இல்லை அதில். கோபமும் இல்லை. தமயந்தி வேனின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தை அல்ல, அந்தக் கைகள் வெளியே வருகின்றனவா என்று.